ஓக் அலமாரியில் பூத்த உப்பு: ஃபுஸ்தாத் வடிகட்டிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகம். அதன் இஸ்லாமியக் கலைப் பிரிவுக்கு வருபவர்கள் நின்று பார்ப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னாக மின்னும் லஸ்டர் பாண்டங்களைத்தான். மெருகு பூசாத மண்பாண்டங்கள் மாடியில், பூட்டிய இருப்பறையில் இருந்தன. மொத்தம் 63 துண்டுகள். அவற்றில் 41 துண்டுகள் ஓர் ஓக் மர அலமாரியின் இழுப்பறைகளில் இருந்தன. அங்கே இடம் போதாமல் ஒதுங்கிய 22 துண்டுகள் அடுத்த அறையின் இரும்பு அடுக்குகளில் கிடந்தன. யாரும் யோசித்துப் பிரித்ததல்ல. ஆனால் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு இந்தப் பிரிவினைதான்.

பெரும்பான்மையானவை பழைய கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத்திலிருந்து வந்தவை. எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் 641இல் நிறுவிய நகரம் அது. 969இல் ஃபாத்திமிய அரச மரபினர் பக்கத்திலேயே கெய்ரோவை எழுப்பிய பிறகும் குயவர்களும் வணிகர்களும் ஃபுஸ்தாத்தை விட்டுப் போகவில்லை. 1168இல் சிலுவைப் போர்ப்படை நெருங்கியபோது வசீர் (தலைமை அமைச்சர்) ஷாவர் நகருக்குத் தீ வைக்க உத்தரவிட்டார். அதன்பின் அதன் பெரும்பகுதி கெய்ரோவின் குப்பைமேடாகிப் போனது. 1912இல் அலி பஹ்கத் அகழாய்வைத் தொடங்குவதற்கு முன்பே அந்த மேடுகளை வேறு சிலர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மக்கிய மண்ணை வயலுக்கு எருவாக அள்ளிச் செல்பவர்கள். செபாக் என்பது அந்த மண்ணின் பெயர். நைட்ரேட் செறிந்த மண் என்பதால்தான் உழவர்கள் அதைத் தேடினார்கள். மண்ணோடு வந்த ஓடுகள் வியாபாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குக் கப்பலேறின. எங்களிடம் இருந்தவையும் அப்படி வந்தவைதான். எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தன என்ற குறிப்பு எதற்கும் இல்லை.

பாதிக்கு மேல் தண்ணீர்க் கூஜாக்களின் வடிகட்டிகள். எகிப்தில் அந்தக் கூஜாவுக்குக் குல்லா என்று பெயர். நாம் தலையில் போடும் குல்லாவோடு இதற்குத் தொடர்பில்லை. கழுத்து உடலோடு சேரும் இடத்தில், உள்ளே, ஒரு மண் வட்டை வைத்து, பச்சை மண் அரைகுறையாகக் காய்ந்திருக்கும் பதத்தில் அதைத் துளையிட்டுச் சுடுவார்கள். பூச்சி உள்ளே போகாது. சாய்த்தால் தண்ணீர் குபுக்கென்று கொட்டாது. மெருகு பூசாததற்குக் காரணம் ஏழ்மை அல்ல. மண்பானைத் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பானை வியர்த்தால்தான் தண்ணீர் குளிரும், மெருகு பூசினால் வியர்க்காது. அந்த வட்டுகளில் குயவர்கள் மயிலையும் மீனையும் முயலையும், நட்சத்திரக் கோலங்களையும், அரபுச் சொற்களையும் துளைகளாலேயே வரைந்திருக்கிறார்கள். கூஜாவின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவர் தவிர வேறு யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இவ்வளவு வேலைப்பாடு. என்னைப் பொறுத்தவரை கீழ்த்தளத்து லஸ்டரைவிட இதுவே அதிசயம். என் சார்பு எது என்பதை வாசகர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.

மீதியிருந்தவை அச்சில் அழுத்திச் செய்த புடைப்புக் கூஜாக்களின் ஓடுகள். மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனி அச்சில் அழுத்தப்பட்டு நடுவில் ஒட்டப்படும் வகை. ஈரானின் நிஷாப்பூரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1935 முதல் தோண்டியபோது இத்தகைய அச்சுகளும் கிடைத்தன. எங்களிடம் இருந்த இந்த வகை ஓடுகளின் ஊர் எதுவென்று பதிவேட்டில் இல்லை.

நான் அங்கே ஒப்பந்தப் பாதுகாப்பாளராக, அதாவது பழம்பொருள்களைக் கெடாமல் காக்கும் கன்சர்வேட்டராக, இருந்தேன். கல் பொருள்களுக்காகத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

கண்டது

குளிர்காலம், அறைகளில் வெப்பமூட்டி ஓடும் காலம். வடிகட்டிகளைப் படமெடுக்க வந்த ஆய்வு மாணவி மூன்றாவது இழுப்பறையை இழுத்தவர், யாரோ பஞ்சைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அருகில் போய்ப் பார்த்தேன். பஞ்சல்ல. ஓட்டின் மேற்பரப்பிலிருந்து எழுந்த வெள்ளை ஊசிகள். பட்டுநூலை விட மெல்லியவை, சில ஒரு சென்டிமீட்டர் நீளம், மூச்சுக் காற்றுக்கே அசைந்தன. ஒரு மயில் வடிகட்டியின் கழுத்துத் துளைகள் அடைபட்டு, மயில் பனியில் நின்றதுபோல் இருந்தது. ஊசி எழுந்த இடங்களில் மண் மாவாக உதிர்ந்திருந்தது.

அலமாரியில் இருந்த 41இல் 17 துண்டுகள் பூத்திருந்தன. இரும்பு அடுக்கில் இருந்த 22இல் ஒன்றுகூட இல்லை; இரண்டில் மட்டும் தட்டையான வெள்ளைப் படலம், ஊசியல்ல. இரண்டு இடத்துத் துண்டுகளும் ஒரே வியாபாரியிடமிருந்து, ஒரே ஆண்டில் வாங்கியவை. பதிவேட்டில் அடுத்தடுத்த எண்கள்.

வேறு இரண்டும் கண்ணில், இல்லை, ஒன்று மூக்கில் பட்டது. இழுப்பறையைத் திறந்ததும் மெல்லிய வினிகர் நெடி. அதே அலமாரியின் கீழ்த் தட்டில், மட்பாண்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஈய முத்திரை, வெண்பொடி பூசிக்கொண்டு கிடந்தது.

முதல் முடிவு: கழுவாமலிருப்பது

மறுநாள் கூட்டத்தில் மூத்த பாதுகாப்பாளர் ஒருவர் சொன்னது வழக்கமான யோசனை. புதைமண்ணில் இருந்த உப்பு ஓட்டுக்குள் ஊறியிருக்கிறது. காற்றின் ஈரம் ஏறி இறங்க அது வெளியே வந்து படிகமாகிறது. ஆகவே அயனி நீக்கிய (கரைந்த உப்புகள் அகற்றிய) நீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடலாம். சுவரில் உப்புப் பூத்தால் நாம் சொல்லும் விளக்கமும் இதுதான். இதில் தவறில்லை. அகழாய்வில் கிடைத்த ஆயிரக்கணக்கான ஓடுகள் இப்படித்தான் காப்பாற்றப்படுகின்றன.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதைமண் உப்பு மட்டுமே காரணம் என்றால் இரும்பு அடுக்கில் இருந்தவையும் பூத்திருக்க வேண்டும். அதோடு, மெருகில்லாத ஓட்டை ஊறவைத்தால் உப்பு மட்டும் கரைந்து போவதில்லை. கூஜாவின் உள்ளே ஒட்டியிருக்கும் எச்சம், பழைய ஒட்டு, மேலே தடவிய மெல்லிய களிமண் குழம்பு எல்லாமே தண்ணீருக்குப் பதில் சொல்லும். கூஜாவில் தண்ணீர்தான் இருந்ததா, வேறெதுவுமா என்று என்றாவது ஒருவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கான விடையை நாம் சாக்கடையில் ஊற்றிவிடக் கூடாது.

காப்பாட்சியர் பழைய குறிப்பட்டைகளைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரி விவாதத்தை முடித்து வைத்தது. 1970களில் இதே அலமாரித் துண்டுகளில் 9 ஏற்கெனவே கழுவப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தோம். மூன்றில் ஊசிகள் இருந்தன. அளவில் குறைவு, ஆனால் இருந்தன. கழுவாத 32இல் 14 பூத்திருந்தன. கழுவியதால் கொஞ்சம் பலன் உண்டு, நோய் தீரவில்லை என்று படித்தேன். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அன்று எடுத்த முடிவு: எந்தத் துண்டிலும் தண்ணீர் படக்கூடாது, ஊசி எதுவென்று தெரியும்வரை.

சோதனை

ஊசிகளைத் தூரிகையால் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் தட்டி வேதியியல் துறைக்கு அனுப்பினோம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் வந்த பெயர் தெகோட்ரைகைட். கால்சியம், அசெட்டேட், குளோரைடு, நைட்ரேட் நான்கும் தண்ணீரோடு கோத்துக்கொண்ட ஒரு கலப்பு உப்பு. கிரேக்கத்தில் பெட்டகத்தையும் முடியையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் முளைப்பதால் அந்தப் பெயர். இயற்கையில் புதைமண்ணில் உருவாவதல்ல.

அந்த நான்கையும் ஊர் பிரித்துப் பார்த்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும். கால்சியம், எகிப்தின் சுண்ணாம்புக் களிமண்ணிலிருந்து. குளோரைடும் நைட்ரேட்டும், ஃபுஸ்தாத்தின் மேட்டிலிருந்து; உழவர்கள் எருவுக்காக அள்ளிய அதே நைட்ரேட். அசெட்டேட் மட்டும் எகிப்திலிருந்து வரவில்லை. ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தின் ஆவியை, விட்டுக்கொண்டே இருக்கும். நூறு வயதான மரமானாலும் நிறுத்தாது. மூடிய இழுப்பறையில் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. நுண்துளை நிறைந்த ஓடு அதைக் குடித்துக்கொண்டது. மெருகு பூசிய பாண்டமாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். தண்ணீர் குளிர வேண்டும் என்று குயவர் விட்டுவைத்த துளைகள் வழியாகத்தான் அமிலம் உள்ளே போனது.

அலமாரிதான் குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்திடுமுன் அதையும் சோதித்தோம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் முன்வைத்த முறை: ஐயத்துக்குரிய பொருளின் சிறு துண்டை, வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு, ஈரக் காற்றில் அடைத்து, 60 பாகை செல்சியஸில் 28 நாள் வைப்பது. உடைந்த இழுப்பறைப் பிடியின் பின்னாலிருந்து ஒரு சீவல் எடுத்தோம். வெள்ளியும் செம்பும் பெரிதாக மாறவில்லை. ஈயம் வெளுத்துப் போயிருந்தது; அசெட்டிக் அமில ஆவி பட்டால் ஈயம் அப்படித்தான் ஆகும். கீழ்த் தட்டு ஈய முத்திரை பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஆய்வகம் ஒரு மாதத்தில் உறுதிசெய்தது.

இடமாற்றம்

அலமாரியைக் காலி செய்வது என்று முடிவானது. அது விக்டோரியா காலத்து வேலைப்பாடு, துறையின் செல்லப் பொருள். அதை நகர்த்த அனுமதி வாங்க ஆன நேரம் ஓடுகளை நகர்த்த ஆனதை விட அதிகம். கடைசியில் ஓடுகள்தான் நகர்ந்தன. பவுடர் பூசிய எஃகு அலமாரி; துண்டின் உருவத்துக்கு வெட்டிய பாலி எத்திலீன் நுரைப் படுக்கை; ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் ஆடாமல் நிற்க சிலிக்கா ஜெல். எவ்வளவு ஈரம் என்பதைவிட அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் உப்பு ஒரு முறை கரைந்து ஒரு முறை படிகமாகிறது.

நகர்த்தும் நாளில் ஒரு விபத்து. முயல் உருவம் கொண்ட ஒரு வடிகட்டி. ஓடும் முயலின் காதுகள் பின்னால் சாய்ந்திருக்கும், ஒவ்வொரு காதும் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மண் கம்பி. அதன் மேல் ஊசி எதுவும் இல்லாததால் 'நலம்' பட்டியலில் இருந்தது. கழுத்து வளையத்தை இரு கையாலும் பிடித்துத் தூக்கினேன். காது நுரையின் மேல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது உள்ளே வெள்ளை நரம்பாக உப்பு ஓடியிருந்தது. மேலே பூக்காமல் உள்ளேயே படிகமாகி, கம்பியை நடுவில் பிளந்துவிட்டது. வெளியே தெரியும் ஊசியை மட்டும் எண்ணி நிலைமை மதிப்பிட்டது என் தவறு.

ஊசிகளை மென் தூரிகையால், உறிஞ்சு குழாயின் வாயருகே, ஒவ்வொன்றாக நீக்கினோம். உதிரும் பகுதிகளில் மட்டும், மண்ணை இறுக்கிப் பிடிக்க, பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை மெல்லிய கரைசலாக விட்டோம்.

மூன்று துண்டுகளும் தண்ணீரும்

எல்லாம் எஃகுக்குள் போன பின்னும் மூன்று துண்டுகளில் மேற்பரப்பு தொடர்ந்து உதிர்ந்தது. இவற்றுக்கு மட்டும் ஊறவைப்பது என்று தீர்மானித்தோம். இப்போது காரணம் தெரியும், மாதிரிகள் எடுத்து வைத்தாயிற்று, மண் கெட்டியாகச் சுட்டது என்பதும் உறுதி. தினமும் அயனி நீக்கிய நீரை மாற்றி, மின்கடத்துதிறனை அளந்து குறித்துக்கொண்டு வருவோம். உப்பு வெளியேற வெளியேற அளவு குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும், அப்போது எடுத்துவிடலாம்.

இரண்டு துண்டுகள் அப்படியே நடந்துகொண்டன. மூன்றாவது, கற்பிப்பதற்கென்றே வைத்திருந்த துண்டு: கழுத்து முழுதாகவும் உள்ளே வடிகட்டியோடும் இருந்த ஒரே உருப்படி. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் கடத்துதிறன் இறங்கவே இல்லை. ஒவ்வொரு புது நீரிலும் மாலைக்குள் அதே அளவுக்கு ஏறியது. இன்னும் உப்பு இருக்கிறது என்று நாங்கள் தொடர்ந்தோம். பத்தாம் நாள் மாணவிதான் கேட்டார்: தொட்டியின் அடியில் ஏன் வெள்ளைச் சேறு?

வடிகட்டிக்கும் கழுத்துக்கும் இடையே மண் நிறம் பூசிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது இறுகினால் ஜிப்சம், ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். அது இருக்கும்வரை கடத்துதிறன் இறங்காது. நாங்கள் பத்து நாளாக அளந்தது ஃபுஸ்தாத்தின் உப்பை அல்ல, யாரோ ஒரு வியாபாரியின் பட்டறைச் சாந்தை. அதற்குள் கழுத்தின் வெளிப்புறம் மென்மையாகி, விரல் பட்ட இடத்தில் மண் ஒட்டிவந்தது.

நீரிலிருந்து எடுத்து மெதுவாக உலரவிட்டோம். சாந்து போன பிறகு இரண்டும் கழன்று தனித்தனியாக வந்தன. வடிகட்டி வட்டு இளம்பச்சை கலந்த வெளிர் மஞ்சள், சுண்ணாம்புக் களிமண். கழுத்து செம்பழுப்பு, நைல் வண்டல். வட்டின் விளிம்பில் அரத்தால் ராவிய கோடுகள். வேறொரு கூஜாவின் வடிகட்டியை இந்தக் கழுத்துக்கு அளவாக ராவி உள்ளே வைத்து, முழு உருப்படி என்று விற்றிருக்கிறார்கள். பல தலைமுறை மாணவர்களுக்குக் குல்லாவின் அமைப்பை விளக்கியது இந்த ஒட்டுத்தான். ஊறவைத்தது தவறு, அந்தத் தவறு இல்லையேல் இது தெரிந்திருக்காது என்று சொல்லி அதை நியாயப்படுத்தப் போவதில்லை. ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் அரை மணியில் இதைக் காட்டியிருக்கும், கழுத்தும் கெட்டியாகவே இருந்திருக்கும்.

பின்னர் நிகழ்ந்தது

இரண்டு ஆண்டுக்குப் பின் போய்ப் பார்த்தேன். 63இல் எதிலும் ஊசி இல்லை. இரண்டு துண்டுகளில் புதிதாக மெல்லிய படலம். சோதித்ததில் வெறும் சோற்றுப்பு, அசெட்டேட் இல்லை. அறையின் வெப்பக் குழாய் அந்த எஃகு அலமாரிக்குப் பின்னால் ஓடுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். அலமாரி ஒரு மீட்டர் முன்னே வந்தது.

கழுத்தையும் வட்டையும் மறுபடி சேர்க்கவில்லை. காப்பாட்சியர் அவற்றுக்கு இரண்டு எண் கொடுத்தார், பழைய எண் குறுக்கே கோடிட்டபடி பதிவேட்டில் இருக்கிறது. இரண்டும் இப்போது கீழ்த்தளத்தில், லஸ்டர் பெட்டிக்கு எதிரே, பக்கத்துப் பக்கத்தில், ஒட்டாமல். ராவிய விளிம்பு பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஓக் அலமாரி பேராசிரியர் ஒருவரின் அறையில் புத்தகம் தாங்குகிறது.

மாற்றிச் செய்வதென்றால்

வாங்கிய பொருள் எதுவானாலும், அதிலும் வியாபாரி வழி வந்தது முழு உருப்படியாக இருந்தால், தண்ணீருக்கு முன் எக்ஸ்-கதிர். கடத்துதிறன் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவுக்கு ஏறினால் நிறுத்திவிட்டு ஜிப்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. இவை இரண்டும் இப்போது அந்த அருங்காட்சியகத்தின் எழுத்து விதியில் உண்டு.

எழுத்தில் ஏறாத ஒன்று, மட்பாண்டம் கெட்டால் மட்பாண்டத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தை விடுவது. அந்த ஈய முத்திரை வேறொரு பிரிவின் பொருள் என்பதால் அதன் வெண்பொடியை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவர்கள் அதை ஆண்டுதோறும் துடைத்து, அதே தட்டில் திரும்ப வைத்திருக்கிறார்கள். இருப்பறைச் சோதனையை இனிப் பிரிவுவாரியாக அல்லாமல் அலமாரிவாரியாகச் செய்யும்படி கேட்டிருக்கிறேன். ஒரு பிரிவு ஒப்புக்கொண்டது.

முயலின் காது இன்னும் ஒட்டப்படவில்லை. உள்ளே உப்பு நரம்பு இருக்கும்வரை எந்த ஒட்டும் அதைப் பிடித்து நிற்காது. ஊறவைக்க எனக்குத் துணிவில்லை, அந்தக் கம்பிகள் தண்ணீரைத் தாங்குமா என்பது தெரியாது. மருந்துக் குளிகைக் கூடு ஒன்றில் இட்டு, வடிகட்டியின் நுரைப் படுக்கையில் அதற்கென்று ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறோம். பதிவட்டையில் 'இடது காது, தனியே' என்று எழுதியிருக்கிறது.